மாத்துச் சம்பந்தம் பேசிய கோடை

கோடை காலத்தில், சிட்னியின் கிரவீன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக் கராஜின் தகரக் கதவைச் சுருட்டி மேலே தூக்கியதும் முதலில் வெளியே வருவது ஒரு மணம். வெயிலில் சூடேறிய தகரமும், புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கசிந்த பெற்றோலும், முதல் நாள் கொளுத்தி அணைந்துபோன நுளம்புத் திரியின் சாம்பலும் கலந்த மணம் அது. அதற்குப் பின்னால்தான் நான்கு பிளாஸ்டிக் கதிரைகளும், பழைய மேசையில் இருந்த கொம்பியூட்டரும், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஓர் அமெரிக்க பேஸ்போல் அணியின் கொடியும் கண்ணுக்குத் தெரியவரும். எனக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயிலுக்குப் போவதா கராஜில் இருப்பதா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், கராஜ்தான் என்பேன்.

சிட்னியில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு அமெரிக்கப் பேஸ்போல் எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அது ராசன் அங்கிள் கொண்டுவந்தது. அவரும் அப்பாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே வாடகை வீட்டில் ஆளுக்கோர் அறையில் இருந்தவர்கள்; பிறகு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவரும் மனோ அன்ரியும் வீடு வாங்கினார்கள். அங்கிளுக்கு ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. ஊரெல்லாம் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் அவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார் அல்லது அடுக்கப் போவதற்காகத் தூங்கிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து காலையில் வந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு ரி.வி.க்கு முன்னால் உட்காரும்போது உலகத்தில் நேரடியாக நடந்துகொண்டிருந்த ஒரே விளையாட்டு பேஸ்போல்தான். முதல் மாதம் ஒன்றும் விளங்காமல் பார்த்தாராம். இரண்டாம் மாதம் நடுவரைத் திட்டத் தொடங்கினாராம். தன் இரண்டு மகன்களையும் பிடித்து இருத்திப் பார்த்தும் அவர்கள் கிரிக்கெட்டை விட்டு அசையவில்லை. பிறகு படிக்க வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அப்பா அகப்பட்டார். அப்பாவின் மடியிலிருந்த நானும் அகப்பட்டேன்.

அமெரிக்காவில் ஆட்டங்கள் முடிந்து பனி கொட்டும் மாதங்கள் எங்களுக்குக் கோடை. ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில்தான் எங்கள் கராஜில் சத்தம் கூடுதலாக இருந்தது. அந்த இடைவெளியில்தான் அணிகள் தங்கள் வீரர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்பது அந்த அணிகளின் முகாமையாளர்கள் யோசிக்க வேண்டிய விடயம். ஆனால் அவர்களுக்கு முன்னால் நாங்கள் யோசித்துவிடுவோம். இந்த மாற்றத்துக்கு அங்கிள் வைத்த பெயர் "மாத்துச் சம்பந்தம்". ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுகிற ஊர் வழக்கத்தின் பெயர் அது. கூடவே தரும் இளம் வீரர்கள் "சீதனம்". ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகக்கூடியவனாக அலைகிற வீரன் "கட்டாக்காலி". வீரர்களுக்கும் அப்படித்தான். அவர்களுடைய ஸ்பானிய, ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அணியின் மூத்த பந்தெறிகாரர் ஆறரை அடி உயரம், அவர் "நெடுவல்". இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நின்று பந்தை வாரிப் பிடிக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனின் தொப்பிக்குக் கீழே தலைமயிர் சுருள் சுருளாகத் தொங்கும், அவன் "சுருட்டை".

எனக்குச் சுருட்டை என்றால் உயிர்.

எங்களோடு நான்காவதாக இருந்தவர் பாலாஜி அங்கிள். பக்கத்துப் பகுதியான நார்த்மீட்டில் வசித்த தமிழ்நாட்டுக்காரர்; கொம்பியூட்டர் வேலை. வீரர்களின் கணக்குகளையெல்லாம் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு வருவார். அவர் "இல்லண்ணே, நம்பரப் பாருங்க" என்று தொடங்கினால் ராசன் அங்கிள் கையை உயர்த்தி மறிப்பார். "தம்பி, நம்பர் ஓடுமே? நம்பர் பந்து பிடிக்குமே? ஆளைப் பாக்கவேணும்." அப்பா இருவருக்கும் நடுவில் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவார். நான் அங்கிளுக்கு நேரெதிரே உட்காருவேன். வயதில் சின்னவள் என்று அங்கே யாரும் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஒரு யோசனை சொன்னால் அங்கிள் அதை அப்பாவின் யோசனையை நொறுக்குவது போலவே நொறுக்குவார். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கராஜில் மட்டும்தான் என்னோடு சண்டை பிடித்தார்கள்.

அந்தக் கோடையில் ஒரு செய்தி வந்தது. இன்னோர் அணி தன் சிறந்த பந்தெறிகாரரைக் கொடுக்கத் தயாராம். பதிலுக்குச் சுருட்டையைக் கேட்கிறதாம். செய்திதான், உறுதியில்லை. ஆனால் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் கராஜில் வேறு கதை இல்லை. ராசன் அங்கிள் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சுருட்டையைக் குடு. யோசிக்காதை. நெடுவலுக்கு வயசு போட்டுது, அவருக்குப் பக்கத்திலை இன்னொரு எறிகாரன் வேணும்."

"அப்ப நெடுவலைக் குடுங்கோவன்" என்றேன்.

"நெடுவலை ஆரும் குடுப்பினமே? அவர் இல்லாட்டி அது என்ன அணி?"

வாரா வாரம் இதே சண்டை. நான் சுருட்டையின் கணக்குகளைப் பாலாஜி அங்கிளிடம் கெஞ்சி வாங்கி, கொப்பியில் எழுதிக்கொண்டு போவேன். அங்கிள் கேட்பார், தலையைச் சாய்த்துக் கவனமாகவே கேட்பார், பிறகு "குடு" என்பார். ஆறாவது ஞாயிறு எனக்கு வாயில் வேறு ஒன்றும் வராமல் "அவன் பாவம்" என்று சொல்லிவிட்டேன். அங்கிள் சிரித்தார். அப்பாவின் பக்கம் திரும்பி, "பிள்ளை ஆட்டத்தைப் பாக்கேல்லை, தலைமயிரைப் பாத்து மயங்கிட்டா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவும் சிரித்தார். பதினொரு வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காதிலிருந்து கழுத்துவரை பற்றி எரிந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

"உங்களுக்கு பேஸ்போலைப் பற்றி ஒண்டும் தெரியாது. இனி நான் உங்களோட கதைக்க மாட்டன். நீங்களும் கதைக்கக் கூடாது!"

"சரி, நான் கதைக்கேல்லை" என்று அங்கிள் வாயைக் கையால் பொத்திக் காட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு நான் கராஜுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கோபத்தைக் காட்டுவதற்கும் ஆட்கள் வேண்டுமே. என் கதிரையை எடுத்துக் கதவோரமாகப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அங்கிள் வந்தவுடன் "கோவமோ?" என்றார். பதில் சொல்லவில்லை. ஒரு பக்கமும் வாசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் பேசிய ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தபோது அங்கிள், "சீனி காணாது தங்கச்சி, என்ரை வயசுக்காரனுக்கு இனி என்ன பயம்" என்று சொன்னதும், பாலாஜி அங்கிள் காகிதங்களைப் பிரித்ததும், அப்பா காற்றாடியை என் பக்கம் திருப்பியதும்.

பிறகு அங்கிள் சொன்னார்: "நெடுவலைக் குடுப்பம்."

பாலாஜி அங்கிள் சிரித்தார். "என்னண்ணே, ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறிட்டீங்க?"

"நெடுவலைக் குடுத்து... நெடுவலை எடுப்பம்."

அப்பாவும் சிரித்தார். நான் திரும்பவில்லை. ஆனால் புத்தகத்தின் எழுத்துகள் என் கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றன. அந்தக் குரலில் ஏதோ சரியில்லை. வாய்க்குள் பாண் துண்டை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அங்கிள் எதையும் பகிடி பண்ணுவார். மனோ அன்ரியின் சமையலை, அப்பாவின் வழுக்கையை, ஏன், என்னையும்கூட. ஆனால் நெடுவலைப் பற்றி ஒருநாளும் பகிடி பேசியதில்லை. அவரோடு ஆறு கிழமை சண்டை பிடித்த எனக்கு அது தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கையில் இருந்த கோப்பை சாய்ந்து, தேத்தண்ணி காற்சட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தது. சுடச்சுட இருந்த தேத்தண்ணி. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"அப்பா, அங்கிள் பகிடி விடேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மிக வேகமாக நடந்தன. அப்பா கோப்பையைப் பிடுங்கினார். பாலாஜி அங்கிள் அவசர உதவிக்கான ட்ரிப்பிள் ஸீரோவுக்கு அடித்தார். மறுமுனையில் கேட்டதை அவர் தமிழில் சொன்னார்: "அண்ணே, சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க அண்ணே." அங்கிள் தூக்கினார். இடது கை உயர்ந்தது. வலது கை பாதிவழியில் நின்று, யாரோ மெல்லக் கீழே இழுப்பது போல இறங்கியது. வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "எப்பத் தொடங்குச்சுன்னு கேக்குறாங்க" என்று பாலாஜி அங்கிள் பதறினார். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"அம்மா தேத்தண்ணி கொண்டுவரேக்கை நல்லாக் கதைச்சவர்" என்றேன். "சீனி காணாது எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு அப்பா ஃபானைத் திருப்பினவர். அதுக்குப் பிறகுதான்."

அம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றும்போது அவர் கண்கள் என்னைத் தேடியது போல இருந்தது. நான் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு என்று அப்பா வந்து சொன்னார். உயிருக்குப் பயமில்லை, கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பும், ஆனால் பேச்சு போய்விட்டது என்றார். எப்போது வரும்? தெரியாது. வருமா? அதுவும் தெரியாது.

பெரியவர்கள் குசினியில் இருந்து அடைப்பைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. "நீங்களும் கதைக்கக் கூடாது" என்று நான் சொன்னேன், அவர் கதைக்கவில்லை. அவ்வளவுதான். இன்று இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மா கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்பேன், தலையிடி என்பேன். கடைசியில் மனோ அன்ரியே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைக் கண்டிக்கவில்லை. "ஒருத்தரையும் பாக்கிறாரில்லை பிள்ளை. பேசப் பழக்கிற பெட்டை படங்களைக் காட்டிக் காட்டிக் கேக்கிறாள், இவர் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். நீ ஒருக்கா வந்து உங்கட விளையாட்டுக் கதை ஏதாவது சொல்லன்" என்றார்.

போனேன். ராசன் அங்கிள் சன்னலோரக் கதிரையில் இருந்தார். முகச்சவரம் செய்யாமல், யாரோ மாட்டிவிட்ட சட்டையோடு, பாதியாகிப் போயிருந்தார். என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். வெட்கம் என்று இப்போது தெரிகிறது.

கொப்பியைத் திறந்து, மூன்று கிழமைச் செய்திகளையும் வாசித்தேன். எந்தக் கட்டாக்காலி எங்கே போனான், எந்த அணி யாரை எடுத்தது, எல்லாம். அவர் அசையவில்லை. சுருட்டையைப் பற்றி ஒரு முடிவும் வரவில்லை என்றேன். அதற்கும் அசையவில்லை. மனோ அன்ரி கட்டிலில் இருந்தபடி கண்ணைத் துடைத்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேண்டுமென்றே, என் வாழ்நாளில் யோசித்த மிக மோசமான மாத்துச் சம்பந்தத்தைச் சொன்னேன்.

"அங்கிள், நான் யோசிச்சனான். நெடுவலைக் குடுத்துப்போட்டு ரெண்டு சின்னப் பெடியளை எடுத்தால் என்ன?"

அவர் தலை திரும்பியது. புருவம் ஏறியது. கழுத்து நரம்பு புடைக்க, உதடுகள் ஒன்றையொன்று தேடி, தவறி, மறுபடி தேடின.

"உ... உனக்கென்ன விசரே!"

தெளிவாக, முழுதாக, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி. வாசலில் ஒரு தாதி நின்று பார்த்தார். மனோ அன்ரி எழுந்து, சிரிக்கவும் அழவும் ஒன்றாக முயன்று, இரண்டும் முடியாமல் வெளியே ஓடினார். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அங்கிளே திகைத்துப்போய் இருந்தார். பேசப் பழக்குகிற பெண் பிறகு விளக்கினாள்: யோசித்துத் தேட வேண்டிய சொற்கள் அகப்படாத நேரத்திலும் கோபத்தில் தானாக வருகிற சொற்கள் சிலருக்கு வருமாம். அதை விளக்கமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன். எனக்கு அவர் என்னைத் திட்டியதே மன்னிப்பு.

இருந்தாலும் நெஞ்சில் கிடந்ததை யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் மனோ அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கதைக்கக் கூடாது என்று சொன்னேன், அதனால்தான் இப்படி வந்தது என்றேன். அன்ரி என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"டொக்டர் முதல் கேட்டது என்ன தெரியுமே? எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு. நேரம் தெரிஞ்சபடியால்தான் அடைப்பைக் கரைக்கிற மருந்தையே குடுத்தவை. அந்த நேரத்தை ஆர் சொன்னது?"

"நான்."

"அப்ப? கதைக்காமல் இருந்தனி, சரி. கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனி."

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் நான்கு தோசை சாப்பிட்டேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

பேச்சு ஒரேயடியாகத் திரும்பவில்லை. ஒரு சொல், இரண்டு சொல், சில நாட்களில் ஒன்றுமே இல்லை. "கரண்டி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கதவு" என்பார். பிழை என்று தெரிந்து மேசையில் அடிப்பார். மனோ அன்ரியின் பெயர் வர ஒரு மாதம் எடுத்தது, வந்த அன்று முப்பது தரம் கூப்பிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகு, நான் பள்ளிக்கூடம் விட்டதும் வாரத்தில் இரண்டு நாள் போவேன். எங்கள் பாடம் மாத்துச் சம்பந்தம்தான். ஒரு பின்னேரம், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் என் கொப்பியில் இடது கை விரலை வைத்து, மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"சுருட்டையை... குடு."

அவர் இத்தனைக்கும் பிறகு மனம் இளகி எனக்காக விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். விட்டுக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒருவர் என்னை மறுத்துப் பேசியதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "குடுக்க ஏலாது!" என்று கத்தினேன். "குடு!" என்றார் அவர். மனோ அன்ரி குசினியிலிருந்து, "ரெண்டு பேரும் சத்தம் போடாதையுங்கோ" என்றார். அவர் குரலில் கண்டிப்பே இல்லை.

அந்த ஆண்டு அணி யாரையும் மாற்றவில்லை. ஆறு கிழமை நாங்கள் மண்டையை உடைத்த அந்தப் பேரம் எப்படி வந்ததோ அப்படியே காணாமல் போனது. பங்குனி முடிவில் ஆட்டங்கள் தொடங்கிய காலை, பாலாஜி அங்கிள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். அங்கிளை இருவர் தாங்கிக் கராஜுக்குக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்கள். கொம்பியூட்டரில் நெடுவலும் சுருட்டையும் ஒரே திடலில் ஓடி வந்தார்கள்.

இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. சுருட்டை பிறகு கட்டாக்காலியாகித் தானாகவே வேறிடம் போனான். யார் சொன்னது சரி என்பதை அணிகள் தீர்த்துவைக்கவில்லை. பாலாஜி அங்கிள் குடும்பத்தோடு மெல்பேணுக்கு மாறி, அங்கே பொயிண்ட் குக் பகுதியில் இருக்கிறார். அப்பா கராஜை இடித்து, குளியலறையோடு ஓர் அறை கட்டி, படிக்க வந்த ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போது ஒரு வீரன் மாற்றப்பட்டால் அந்தக் கணமே கைப்பேசி துடிக்கிறது. நாங்கள் ஒரு கருத்தை உருவாக்கும் முன் விடயம் முடிந்துவிடுகிறது. ஆறு ஞாயிறு ஒரு பெயரை வைத்துச் சண்டை பிடிக்கிற அவகாசம் யாரிடமும் இல்லை. "மாத்துச் சம்பந்தம்" என்று நான் சொன்னால் என் மகள் என்னை விளங்காமல் பார்க்கிறாள்.

ராசன் அங்கிளுக்கு எழுபத்து நான்கு வயது. வலது காலைச் சிறிது இழுத்து நடப்பார். பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பார், தெரியாதவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிறுபிள்ளைகள் பேஸ்போல் ஆடுகிற ஒரு திடலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியோரம் இருந்தபடி, தன் பண்டகசாலை நாட்களில் நடந்த ஒரு கதையைத் தொடங்கினார். கதை வளைந்து, கிளைவிட்டு, ஒரு லொறிக்காரரின் பெயரில் வந்து சிக்கி நின்றது. அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உனக்கு நேரம் போகுது என்ன? நான் அலட்டிக்கொண்டிருக்கிறன்."

அன்று பின்னேரம் எனக்கு வேலை, நேரம் போய்க்கொண்டுதான் இருந்தது. "ஒண்டும் அவசரமில்லை அங்கிள்" என்றேன். "சொல்லுங்கோ."

அவர் பெயரைக் கண்டுபிடித்தார். சொல்லத் தொடங்கினார்.